ஊரும் வேண்டும், காதலும் வேண்டும்



இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மேலோட்டமாகப் பார்த்தால் மிக இலேசானது. இங்கிலாந்தில் ஒரு சிற்றூர். நடுவே பழைய தேவாலயம், எதிரே ஒரு பப், பக்கத்தில் அஞ்சலகம், சற்றுத் தள்ளி கிரிக்கெட் மைதானம். லண்டன் வேலையை உதறிவிட்டு ஒரு பெண் அங்கே வந்து பேக்கரி திறக்கிறாள். ஊரின் கால்நடை மருத்துவரும் ஒரு பெண். முதல் சந்திப்பிலேயே இருவருக்கும் வாய்த்தகராறு. இவர்கள் இருவரும் சேரத்தான் போகிறார்கள் என்பது அஞ்சலகத்து அம்மாவுக்குத் தெரிகிறது, பாதிரியாருக்குத் தெரிகிறது, பப்பில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்கும் தெரிகிறது. சம்பந்தப்பட்ட இரண்டு பேருக்குத்தான் கடைசியில் தெரிகிறது. இந்த வார்ப்பில் நாவல்களும் திரைப்படங்களும் பிரிட்டனில் இன்று தாராளமாக வருகின்றன. கிளேர் லைடன் போன்றவர்கள் இரு பெண்களின் காதலைச் சிரிக்கச் சிரிக்க எழுதியே தங்களுக்கென்று ஒரு வாசகர் கூட்டத்தைச் சேர்த்திருக்கிறார்கள். ரயிலில் ஏறும்போது திறந்து இறங்கும்போது மூடிவிடக்கூடிய இந்தப் புத்தகங்களைப் பற்றி மேடை போட்டுப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்ணைப் பெண் காதலிக்கும் கதையை ஆங்கில இலக்கியம் நெடுங்காலம் ஒரு நிபந்தனையோடுதான் சொல்லி வந்தது: காதல் வேண்டுமென்றால் ஊரை விடு, ஊர் வேண்டுமென்றால் காதலை விடு. கனமான நாவல்கள் அவளுக்குக் காதலைக் கொடுத்து ஊரைப் பறித்தன. நகைச்சுவை நாவல்கள் ஊரைக் கொடுத்துக் காதலைப் பறித்தன. இரண்டையும் ஒருசேரக் கேட்ட வடிவம், நாம் இலேசு என்று ஒதுக்கும் இந்தச் சிற்றூர்க் காதல் கதை. அது சமூகத்திடம் கேட்பது, சோகக் கதை கேட்பதைவிட அதிகம். இதுதான் என் வாதம்.

முதலில் அந்த ஊரைப் பார்ப்போம். ஆங்கிலேயர்களுக்குச் சிற்றூர் என்பது வெறும் இடம் அல்ல, ஒரு கதை இயந்திரம். நாவல் எழுத முயன்ற தன் அண்ணன் மகளுக்கு ஜேன் ஆஸ்டன் 1814இல் எழுதிய கடிதத்தில், ஒரு கிராமத்தில் மூன்று நான்கு குடும்பங்கள் இருந்தால் போதும், வேலை செய்ய அதுவே சரியான களம் என்று அறிவுரை சொன்னார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய 'எம்மா' அதைச் செய்தே காட்டியது. எலிசபெத் காஸ்கல் 1851இல் டிக்கன்ஸின் இதழில் எழுதத் தொடங்கிய 'கிரான்ஃபோர்ட்' இன்னும் ஒரு படி மேலே போய், ஏறக்குறைய பெண்களே ஆளும் ஒரு சிற்றூரைக் காட்டியது. இந்த மரபில் கதையை நகர்த்துவது வாளும் அல்ல, விதியும் அல்ல, பேச்சு. யார் வீட்டுக்கு யார் தேநீருக்குப் போனார்கள், யார் யாரோடு எத்தனை முறை நடனமாடினார்கள் என்கிற பேச்சு. நம் அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. களவு ஊருக்குத் தெரிந்து அலர் எழும்போதுதான் கற்பை நோக்கி நகர வேண்டிய கட்டாயம் வருகிறது. ஊர்வாய் காதலைச் சுடுகிறது. அதே ஊர்வாய்தான் அதைக் கரையேற்றவும் செய்கிறது. ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘இவர்களுக்கு எப்போது கல்யாணம்?’ என்று ஊர் பேச வேண்டுமென்றால், இவர்கள் இணையக்கூடியவர்கள் என்று ஊர் முதலில் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எண்ணிப் பார்க்கவே மறுக்கிற இருவரைப் பற்றி ஒன்று மௌனம் நிலவும், அல்லது வசை எழும். ஆகவே இரு பெண்களைச் சேர்த்துவைக்க அஞ்சலகத்து அம்மா சதி செய்கிறாள் என்று ஒருவர் எழுதும்போது, அந்தச் சின்ன வேடிக்கைக்கு அடியில் ஒரு பெரிய சமூக ஒப்புதல் நடந்து முடிந்திருக்கிறது.

அந்த ஒப்புதல் கதையில் வந்து சேர எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைப் பாருங்கள். ஷேக்ஸ்பியருக்குச் சற்று முன்னால் எழுதிப் புகழ்பெற்றவர் ஜான் லிலி. அவருடைய 'காலத்தியா' என்ற நாடகத்தை 1588இல் முதலாம் எலிசபெத் அரசியின் முன்னிலையில் செயின்ட் பால் தேவாலயத்துச் சிறுவர்கள் நடித்தார்கள். கதை நடக்கும் இடம் கிரேக்கமோ இத்தாலியோ இல்லை. லிங்கன்ஷையரில், ஹம்பர் ஆற்றின் கரை. ஐந்தாண்டுக்கு ஒரு முறை அந்தப் பகுதியின் மிக அழகான கன்னியைக் கடல் தெய்வத்துக்குப் பலி கொடுக்க வேண்டும். தன் மகள்தான் அழகி என்று பயந்த ஒரு தகப்பன் காலத்தியாவுக்கு ஆண் உடை போட்டுக் காட்டுக்குள் அனுப்புகிறான். அதே பயத்தில் இன்னொரு தகப்பன் தன் மகள் பிலிடாவையும் அப்படியே அனுப்புகிறான். காட்டில் சந்திக்கும் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் ஆண் என்று நம்பிக் காதலிக்கிறார்கள். ‘இவனும் என்னைப்போலப் பெண்ணாக இருப்பானோ’ என்று இருவருக்குமே சந்தேகம் வருகிறது. சந்தேகம் வந்த பிறகும் காதல் குறையவில்லை. உண்மை வெளிப்பட்டதும் இருவரும் பிரிய மறுக்கிறார்கள். வீனஸ் தேவதை அவர்கள் பக்கம் நின்று, ஒருத்தியை ஆணாக மாற்றிக் கல்யாணம் செய்துவைப்பதாக வாக்குத் தருகிறாள். யாரை மாற்றுவது என்பதில் இரண்டு தகப்பன்களுக்கும் தகராறு. இரண்டு பெண்களுக்கு மட்டும் அதில் அக்கறையே இல்லை, சேர்ந்திருந்தால் போதும். மாற்றம் மேடையில் நடக்காமலேயே நாடகம் முடிகிறது. ஆங்கிலச் சிற்றூரில் இரு பெண்களின் காதல், இலேசான நகைச்சுவை, மங்கலமான முடிவு என்று நாம் இன்று தேடுகிற எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் ஒரு விலையும் இருக்கிறது. கல்யாணம் வேண்டுமென்றால் ஒருத்தி பெண்ணாக இருப்பதை விட்டாக வேண்டும். தெய்வமே மனம் இரங்கினாலும் அந்த விலையைத் தள்ளுபடி செய்ய முடியவில்லை.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1921இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. ஆண்களுக்கிடையிலான உறவை ஏற்கெனவே குற்றமாக்கியிருந்த சட்டத்தைப் பெண்களுக்கும் நீட்டிக்கும் ஒரு திருத்தம் காமன்ஸ் சபையில் நிறைவேறியது. பிரபுக்கள் சபை அதை நிராகரித்தது. இரக்கத்தால் அல்ல. இப்படி ஒன்று இருக்கிறது என்பதே பெரும்பாலான பெண்களுக்குத் தெரியாது, சட்டம் போட்டு நாமே அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்பதுதான் அங்கே எழுந்த வாதம். ஆக, அரசின் கொள்கை தண்டனை அல்ல, வாய்மூடல். ஏழு ஆண்டுகள் கழித்து அந்த மௌனத்தை உடைத்தார் ராட்க்ளிஃப் ஹால். 1928இல் வெளிவந்த அவருடைய 'தி வெல் ஆஃப் லோன்லினஸ்' நாவலின் நாயகி ஸ்டீஃபன் கார்டன் வூஸ்டர்ஷையரில், மால்வர்ன் குன்றுகளின் அடியில், மார்ட்டன் என்ற பரம்பரை வீட்டில் பிறந்தவள். அந்த வீட்டின் மரமும் குதிரையும் அவளுக்கு உயிர். அவள் ஒரு பெண்ணைக் காதலித்தது தெரிந்ததும் பெற்ற தாயே அந்த மண்ணிலிருந்து அவளை வெளியேற்றுகிறாள். கடைசியில், தன்னோடு வாழ வந்த மேரியையும், ஊரும் கௌரவமும் அவளுக்காவது கிடைக்கட்டும் என்று ஒரு ஆணிடம் தள்ளிவிடுகிறாள். உடலுறவைக் குறிப்பதென்று சொல்ல அந்தப் புத்தகத்தில் ஒரு அரை வரிதான் உண்டு. அதற்கே 'சண்டே எக்ஸ்பிரஸ்' ஆசிரியர் ஜேம்ஸ் டக்ளஸ், இளையவர்கள் கையில் இதைக் கொடுப்பதைவிட விஷம் கொடுப்பது மேல் என்கிற அளவுக்குக் கொதித்தெழுந்தார். போ ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில் நடுவர் சார்ட்ரஸ் பைரன் நாவலை அழிக்க உத்தரவிட்டார். இந்தப் பாத்திரங்களில் ஒருவரைக்கூட ஆசிரியர் கண்டிக்கவில்லையே என்பது அவர் கண்ட குறைகளில் ஒன்று. அழுது மன்றாடிய புத்தகத்துக்கு இந்தக் கதி. அதே ஆண்டு வர்ஜீனியா வுல்ஃப், தன் காதலியாக இருந்த வீட்டா சாக்வில்-வெஸ்டை மனத்தில் வைத்து 'ஆர்லாண்டோ'வை எழுதினார். நூல் நடுவே வீட்டாவின் புகைப்படங்களையே அச்சிட்டார். நாயகன் பாதிக் கதையில் பெண்ணாகிவிடுகிறான், நூற்றாண்டுகள் கடந்தும் வாழ்கிறான். எல்லாம் விளையாட்டு. வழக்கு எதுவும் வரவில்லை. காப்ரித் தீவில் வாழும் இத்தகைய பெண்களைக் கேலி செய்து காம்ப்டன் மெக்கன்சி எழுதிய நாவலும் அதே ஆண்டு தப்பித்துக்கொண்டது. சிரிப்புக்கு வாசல் திறந்திருந்தது. ஆனால் சிரிப்போடு உள்ளே வந்தவர்களிடமிருந்து என்ன பிடுங்கப்பட்டது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு நல்ல சாட்சி இ. எஃப். பென்சன். சசெக்ஸில் உள்ள ரை என்ற சிற்றூரை 'டில்லிங்' என்று பெயர் மாற்றி, அங்குள்ள மேட்டுக்குடிப் பெண்களின் சில்லறைப் போர்களை அவர் எழுதினார். பிறகு அந்த ஊருக்கே மேயராகவும் ஆனார். ராட்க்ளிஃப் ஹாலும் தன் துணைவியோடு அதே ரையில்தான் சில காலம் குடியிருந்தார். அழவைத்தவரும் சிரிக்கவைத்தவரும் ஒரே ஊர்க்காரர்கள். பென்சனின் 1922ஆம் ஆண்டு நாவலான 'மிஸ் மாப்'பில் ஐரீன் என்றொரு ஓவியர் வருகிறாள். முடியைக் கத்தரித்துக்கொண்டு, கால்சட்டை போட்டுக்கொண்டு, புகைபிடித்தபடி தெருவில் நடப்பாள். பிந்தைய நாவல் ஒன்றில், ஊரையே அடக்கி ஆளும் மிஸ் மாப்பை, போட்டிசெல்லியின் வீனஸைப்போலச் சிப்பியின்மேல் விக்டோரியா காலத்து உடையில் நிற்கவைத்து ஒரு படம் வரைகிறாள். அந்தப் படத்துக்கு ராயல் அகாடமியில் இடமே கிடைத்துவிடுகிறது. ஊர் அவளைக் கண்டு நடுங்குகிறது, ரசிக்கிறது, தேநீருக்கும் கூப்பிடுகிறது. டில்லிங்கில் ஐரீனுக்கு அசைக்க முடியாத இடம் உண்டு. ஆனால் பிந்தைய நாவல்களில் அந்த ஊருக்குக் குடிவரும், அவள் உருகி உருகி நேசிக்கும் லூசியாவிடமிருந்து அவளுக்கு ஒருநாளும் பதில் வருவதில்லை. அந்த ஏக்கமே நகைச்சுவைக்குத் தீனி. வுல்ஃபின் கடைசி நாவலான 'பிட்வீன் தி ஆக்ட்ஸ்' 1941இல் வந்தது. அதில் ஊர்த் திருவிழா நாடகத்தை இயக்கும் மிஸ் லா ட்ரோப் இன்னொரு சாட்சி. ஊரே அவள் சொன்னபடி வேடம் கட்டி ஆடுகிறது. ஆனால் அவளோடு குடியிருந்த நடிகை பிரிந்துபோய்விட்டாள். விழா முடிந்ததும் அவள் தனியாகப் பப்புக்குப் போகிறாள். ஊர் உண்டு, காதல் இல்லை.

இரண்டையும் வைத்திருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது? டி. எச். லாரன்ஸின் 'தி ஃபாக்ஸ்' கதையில் இரண்டு பெண்கள் சேர்ந்து பண்ணை நடத்துகிறார்கள். ஓர் ஆண் வந்து, தான் வெட்டிய மரம் அவர்களில் ஒருத்தியின்மேல் சாய்ந்து அவள் சாகும்படி செய்கிறான். அகதா கிறிஸ்டியின் 1950ஆம் ஆண்டு நாவல் 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்' இன்னும் சுவாரசியமானது. சிப்பிங் கிளெக்ஹார்ன் என்ற ஊரில் மிஸ் ஹிஞ்ச்கிளிஃப்பும் மிஸ் மர்கட்ராய்டும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். முன்னவள் குட்டை முடியும் கால்சட்டையுமாக ஓங்கிப் பேசுபவள்; பின்னவள் பூசினாற்போல உருவமும் பதற்றமும் மறதியும் கொண்டவள். இவர்களைப் பற்றி ஊரில் யாரும் ஒரு சொல் சொல்வதில்லை. கிறிஸ்டியும் சொல்வதில்லை. அந்த மௌனத்துக்குள் ஓர் அழகான குடித்தனம் நடக்கிறது. ஆனால் மழை வருகிறதென்று கொடியில் காயும் துணிகளை எடுக்கப்போன இடத்தில் மர்கட்ராய்ட் கழுத்து நெரிக்கப்பட்டுச் சாகிறாள். ஹிஞ்ச்கிளிஃப்பின் துயரத்தை உண்மையான துயரமாகவே எழுதிய கிறிஸ்டிக்கு நாம் நன்றி சொல்லலாம். என்றாலும் கணக்கு மாறவில்லை. இருவரில் ஒருத்தி போயே ஆக வேண்டும். அது பழைய காலம் என்று தள்ளிவிடாதீர்கள். 'லாஸ்ட் டேங்கோ இன் ஹாலிஃபாக்ஸ்' என்ற பிபிசி தொடரில் கரோலினும் கேட்டும் முறைப்படி கல்யாணம் செய்துகொள்கிறார்கள். மறுநாளே கேட் கார் மோதி இறந்துபோகிறாள். அது 2015. பிரிட்டனில் சட்டம் மாறி, கதையின் பழக்கம் மாறாத ஆண்டு.

இங்கே ஒரு கேள்வி எழும். கதைகள் கொன்றதும் பிரித்ததும் இருக்கட்டும், உண்மை வாழ்க்கை அப்படித்தானே இருந்தது, கதை அதைத்தானே காட்டியது என்று கேட்கலாம். வாழ்க்கையின் பதிவுகள் வேறு விதமாகவும் பேசுகின்றன. முதல் உலகப் போருக்குப் பிறகு எடுக்கப்பட்ட 1921 மக்கள்தொகைக் கணக்கில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் 17 லட்சத்துக்கும் மேல் அதிகம். ஆசிரியைகள் கல்யாணம் செய்தால் வேலையை விட வேண்டும் என்ற கட்டுப்பாடு பல இடங்களில் இருந்தது. 1944 கல்விச் சட்டம்தான் அதை நீக்கியது. இந்த நிலையில் இரண்டு பெண்கள் வாடகையைப் பகிர்ந்துகொண்டு ஒரே வீட்டில் முதுமைவரை வாழ்வது எந்தச் சிற்றூரிலும் அன்றாடக் காட்சி. அவர்களில் எத்தனை பேர் தோழிகள், எத்தனை பேர் காதலர்கள் என்று எண்ணிச் சொல்ல எவராலும் முடியாது. ஆனால் பெயரோடும் சான்றோடும் தெரிந்தவர்கள் உண்டு. எழுத்தாளர் சில்வியா டவுன்சென்ட் வார்னர் 1930இல் டார்செட் பகுதியின் சால்டன் என்ற குக்கிராமத்தில் 90 பவுனுக்கு ஒரு சிறு வீட்டை வாங்கினார். அங்கே அவரோடு தங்க வந்தவர் கவிஞர் வேலன்டைன் ஆக்லண்ட். அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு நாள் இரவு, தன்னை நேசிக்க யாருமே இல்லையோ என்று சில சமயம் தோன்றுகிறது என்று வேலன்டைன் தன் அறையில் இருந்தபடி சொன்னது மெல்லிய தடுப்புச்சுவருக்கு அப்பால் படுத்திருந்த சில்வியாவின் காதில் விழுந்தது. அவர் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வந்தார். 1969இல் வேலன்டைன் இறக்கும்வரை, இடையே கசப்புகளும் பிரிவின் விளிம்பும் வந்தபோதிலும், அந்த வாழ்க்கை நீடித்தது. இருவரின் சாம்பலும் அதே சால்டன் தேவாலய வளாகத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறது. கென்ட் பகுதியில் ஸ்மால்ஹைத் என்ற சிற்றூரில், நடிகை எலன் டெரியின் மகள் ஈடித் கிரெய்க் இரண்டு பெண்களோடு குடித்தனம் நடத்தினார். தாயின் நினைவாக 1929இல் அங்கிருந்த தானியக் களஞ்சியத்தை நாடக அரங்காக்கினார். மிஸ் லா ட்ரோப்புக்கு அவரே மூலம் என்று கருதும் விமர்சகர்கள் உண்டு. நாவலில் வருகிறவள் தனியாகப் பப்புக்குப் போகிறாள். அவளுக்கு மூலமாகச் சொல்லப்படும் ஈடித்தோ துணைகளோடு வாழ்ந்தார். ஆகவே மங்கல முடிவைப் பொய் என்று சொல்பவர்கள், சோக முடிவையும் அதே தராசில் நிறுத்தித்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. அந்த ஊர்கள் இவர்களை ஏற்றுக்கொண்டன என்பதற்கு என்ன சான்று, அது வெறும் பாராமுகம்தானே என்பது. இதை நான் பெருமளவு ஒப்புக்கொள்கிறேன். ஹாலிஃபாக்ஸ் அருகே ஷிப்டன் மாளிகையில் வாழ்ந்த ஆன் லிஸ்டர் ஏறத்தாழ 50 லட்சம் சொற்களில் நாட்குறிப்பு எழுதினார். தன் காதலை எழுதிய பகுதிகளைக் கிரேக்க எழுத்தும் கணிதக் குறியும் கலந்த சங்கேதத்தில் ஒளித்து வைத்தார். ஊர் ஏற்றுக்கொண்டிருந்தால் சங்கேதம் எதற்கு? சில்வியாவும் வேலன்டைனும் ஊருக்குள் நடந்த ஓர் அநியாயத்தைத் தட்டிக்கேட்கப் போய், அவதூறு வழக்கில் தோற்றுப் பணம் கட்டினார்கள். பிறகு பிரிட்டிஷ் உளவுத்துறையும் அவர்களைக் கண்காணித்தது. ஆனால் அது அவர்கள் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்ததற்காக. இருவரும் காதலர்கள் என்பது அரசுக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை என்பது வரலாற்றின் குறும்பு. 1988இல் வந்த 28ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகள் தன்பால் உறவை ஊக்குவிக்கக் கூடாது என்று தடுத்தது. பள்ளிகளும் நூலகங்களும் வாயை மூடிக்கொண்டன. இங்கிலாந்தில் அது நீங்க 2003 ஆயிற்று. இதெல்லாம் உண்மை. இந்த உண்மைதான் இலேசான கதையின் மதிப்பைக் கூட்டுகிறது. பாராமுகம் வேறு, பங்கேற்பு வேறு. கிறிஸ்டியின் ஊர் இரண்டு பெண்களையும் விட்டுவைத்தது. இன்றைய கதையின் ஊர் அவர்களுக்காகச் சதி செய்கிறது, கோபித்துக்கொள்கிறது, கேக் போட்டியில் நடுவராக அழைக்கிறது. மௌனத்தால் பொறுத்துக்கொண்ட ஊரை வாயாடும் ஊராக மாற்றியதே இந்தக் கதைகள் செய்திருக்கும் வேலை.

மூன்றாவது ஆட்சேபம், அந்த ஊரே ஒரு பொம்மை ஊர் என்பது. ரோஜாக்கொடி படர்ந்த வீட்டின் விலை என்ன, பேக்கரி நடத்துகிறவள் அதை எப்படி வாங்கினாள், பேருந்து நின்றுபோன கிராமத்தில் அஞ்சலகம் எப்படித் திறந்திருக்கிறது என்று இந்தக் கதைகள் கேட்பதில்லை. இது சரியான குற்றச்சாட்டு; மோசமான கதைகளைச் சரியாகவே தாக்குகிறது. ஆனால் இது ஆண்-பெண் காதல் கதைகளுக்கும் சேர்த்துத்தான் பொருந்தும். ஆஸ்டனின் ஊரிலும் சமையற்கட்டில் வேலை செய்தவள் பெரும்பாலும் முகம் காட்டாமலே போனாள். அந்தக் குறையை இந்தக் கதைகளுக்கு மட்டும் அபராதமாக விதிப்பது நியாயமல்ல. மாறாக, யதார்த்தத்தைத் தேடுகிற எழுத்தாளருக்கு இங்கே நல்ல சிக்கல்கள் கிடைக்கும். ஒன்றைச் சொல்கிறேன். சிற்றூர்க் காதல் கதையின் வழக்கமான கடைசி அத்தியாயம் தேவாலயத்தில் கல்யாணம். இங்கிலாந்தில் இரு பெண்களின் கல்யாணம் 2014 மார்ச் முதல் நடக்கிறது. ஆனால் 2013ஆம் ஆண்டுச் சட்டமே இங்கிலாந்துத் திருச்சபையை அதிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. 2023 டிசம்பர் முதல், வழக்கமான ஆராதனைக்கு நடுவே அத்தகைய இணைக்கு ஆசி வழங்கும் பிரார்த்தனையைப் பாதிரியார் சொல்லலாம். கல்யாணம் செய்துவைக்க முடியாது. அப்படியானால் நம் பேக்கரிக்காரியும் கால்நடை மருத்துவரும் எங்கே கல்யாணம் செய்துகொள்வார்கள்? ஊர்ப் பொதுக்கூடத்தில், அல்லது யாருடைய களஞ்சியத்திலாவது. கதை தொடங்கியதிலிருந்து சேர்த்துவைக்கப் பாடுபட்ட அந்தப் பாதிரியார் என்ன செய்வார்? நாற்காலி அடுக்கிக்கொண்டே மனம் புழுங்குவாரா, மேலிடத்தோடு சண்டை போடுவாரா? இந்தச் சட்டச் சிக்கலை வைத்தே ஒரு நல்ல எழுத்தாளர் சிரிக்கவும் வைக்கலாம், உறைக்கவும் வைக்கலாம். இலேசான வடிவம் உண்மையைத் தாங்காது என்பது வடிவத்தின் குறையல்ல; எழுதுகிறவரின் சோம்பல்.

அடுத்து, இலக்கியக் கூட்டங்களில் தவறாமல் எழும் ஆட்சேபம்: வலியை எழுதுவதே இலக்கியம், இன்ப முடிவு சந்தைச் சரக்கு என்பது. வலியை எழுதியவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ராட்க்ளிஃப் ஹால் மட்டும் எழுதியிராவிட்டால் இன்று பேச ஆளே இருக்காது. ஆனால் ஒரு வித்தியாசத்தை எண்ணிப் பாருங்கள். சோக முடிவு வாசகரிடம் கேட்பது இரக்கம். புத்தகத்தை மூடி, கண்ணைத் துடைத்துக்கொண்டால் அந்தக் கடன் தீர்ந்துவிடும். செத்துப்போனவளுக்குப் பக்கத்து வீடு வாடகைக்கு விட வேண்டியதில்லை. இன்ப முடிவு கேட்பது இடம். அவர்கள் நாளைக்கும் அதே தெருவில் இருப்பார்கள், அடுத்த ஆண்டு ஊர்ப் பேரவைக்குத் தேர்தலில் நிற்பார்கள், வேலி எல்லைக்காக உங்களோடு சண்டை போடுவார்கள். எது வாசகருக்குக் கடினம்? ஃபியோனா ஷா என்ற நாவலாசிரியர் 'டெல் இட் டு தி பீஸ்' நாவலில் தன் இரு நாயகிகளைச் சேர்த்துவைத்தார். 2018இல் அது படமானபோது அவர்களைப் பிரித்துவிட்டார்கள். துயரம்தான் உண்மை, துயரம்தான் கலை என்ற பழக்கம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதற்கு அது சான்று. இரண்டாண்டு கழித்து வந்த 'சம்மர்லேண்ட்' படம், போர்க்காலக் கென்ட் கிராமத்தில் எல்லோரிடமும் சீறி விழும் ஓர் எழுத்தாளரையும் அவர் இழந்த காதலியையும் கடைசியில் சேர்த்துவைத்தது. அதனால் அது கலையில்லாமல் போய்விடவில்லை.

கடைசியாக, இங்கிலாந்துக் கிராமத்துச் சமாச்சாரம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். அந்த நாட்டோடு இந்த விஷயத்தில் நமக்கு உள்ள தொடர்பு கதையால் வந்ததல்ல, சட்டத்தால் வந்தது. 1860இல் ஆங்கிலேயர் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, மனமொத்த இருவர் உறவையும் குற்றமாக்கி வைத்திருந்த நிலை 2018 செப்டம்பரில்தான் நீங்கியது. இலங்கையின் தண்டனைக் கோவையில் ஆண்களைக் குறித்து மட்டும் இருந்த 365ஏ பிரிவு 1995இல் திருத்தப்பட்டுப் பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. 1921இல் லண்டன் பிரபுக்கள் வேண்டாமென்று தள்ளியதைக் கொழும்பு அதற்கு 74 ஆண்டுகள் கழித்துச் செய்தது. அவர்கள் எழுதிய சட்டத்தை இவ்வளவு காலம் சுமந்த நாம், அவர்கள் எழுதிச் சிரிக்கும் கதையையும் ஒருமுறை படித்துப் பார்ப்பதில் தவறில்லை.

ஆக நண்பர்களே, இந்த வகைப் புத்தகம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், இலேசாக இருக்கிறதே என்று குறை சொல்லாதீர்கள்; இலேசாக இருக்கும் உரிமையை அது நேர்மையாகச் சம்பாதித்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இந்த ஊர் அவர்களைச் சும்மா பொறுத்துக்கொள்கிறதா, அவர்கள் விஷயத்தில் தலையிடுகிறதா? சிரிப்பு அந்தப் பெண்களின்மேல் விழுகிறதா, அவர்களைச் சுற்றியிருக்கும் ஊரின்மேல் விழுகிறதா? கடைசிப் பக்கத்துக்குப் பிறகு அவர்கள் அந்த ஊரில் தொடர்ந்து வாழ முடியும் என்று நம்ப வைக்கிறதா? மூன்றுக்கும் நல்ல பதில் தரும் கதையை ரயில் புத்தகம் என்று ஒதுக்க வேண்டாம். இந்த நூலகத்தில் ராட்க்ளிஃப் ஹாலுக்கு ஓர் இடம் வைத்தால், பக்கத்திலேயே அந்தப் பேக்கரிக்காரிக்கும் ஓர் இடம் வையுங்கள். முன்னவரின் நாயகிக்கு மறுக்கப்பட்டது என்ன என்பது பின்னவளைப் படித்தால்தான் முழுதாகப் புரியும்.